வார்யா தேடிய பொருள்: ரஷ்ய யதார்த்த நடிப்பைப் படிப்படியாகப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

காலியாகப்போகும் ஒரு வீடு. ஜன்னல்களில் திரைச்சீலை இல்லை, சுவரில் படங்கள் இல்லை. மிச்சமிருக்கும் சாமான்களை விற்பனைக்குப் போட்டதுபோல ஒரு மூலையில் குவித்திருக்கிறார்கள். வாசல் பக்கம் பெட்டிகளும் மூட்டைகளும். வீட்டையும் தோட்டத்தையும் ஏலத்தில் எடுத்த லோபாகின் தனியாக நின்று கடிகாரத்தைப் பார்க்கிறான். கதவுக்குப் பின்னால் அடக்கிய சிரிப்பு, கிசுகிசுப்பு. பிறகு வார்யா உள்ளே வருகிறாள். எதற்காகத் தன்னை அனுப்பினார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவன் தன்னைக் கல்யாணத்துக்குக் கேட்கவேண்டும்.

வந்தவள் அவனைப் பார்க்கவில்லை. மூட்டைகளைக் கிளற ஆரம்பிக்கிறாள். "ஆச்சரியமாக இருக்கிறது, எங்கே தேடியும் கிடைக்கவில்லை" என்கிறாள். என்ன தேடுகிறீர்கள் என்று அவன் கேட்டால், "நானே எடுத்து வைத்தேன், ஞாபகம் இல்லை" என்கிறாள். அப்புறம் அவள் எங்கே வேலைக்குப் போகிறாள் என்ற பேச்சு வருகிறது, அவன் எந்த ஊருக்கு ரயிலேறுகிறான் என்ற பேச்சு வருகிறது. போன வருஷம் இந்நேரம் பனி பெய்ததே, இப்போது வெயிலடிக்கிறது, ஆனால் குளிர், பூஜ்யத்துக்குக் கீழே மூன்று டிகிரி என்கிறான் அவன். "நான் பார்க்கவில்லை" என்கிறாள் அவள். ஒரு மௌனம். "எங்கள் வெப்பமானியும் உடைந்துவிட்டது." வெளியிலிருந்து யாரோ அவனைக் கூப்பிடுகிறார்கள். அந்தக் குரலுக்காகவே காத்திருந்தவன்போல் ஓடிவிடுகிறான். அவள் தரையில் உட்கார்ந்து, துணி மூட்டை ஒன்றில் தலை வைத்துச் சத்தமில்லாமல் அழுகிறாள்.

ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 'செர்ரிப் பழத் தோட்டம்' நாடகத்தின் நான்காம் அங்கத்தில் வரும் காட்சி இது. ஓடினால் இரண்டு மூன்று நிமிஷம். ரஷ்ய யதார்த்த நாடகம் நடிகனிடம் என்ன கேட்கிறது என்று யாராவது விசாரித்தால் நான் இந்தக் காட்சியைத்தான் எடுத்துக் கொடுப்பேன். காதல், கல்யாணம், ஏமாற்றம் எதுவும் வசனத்தில் இல்லை. எல்லாம் அந்தத் தேடலுக்குள் இருக்கிறது. யதார்த்த நடிப்பு என்றால் உணர்ச்சியைப் பிழிவது என்று நினைத்து இதில் இறங்குகிறவர்கள்தான் அதிகம். ரஷ்ய நடிகரும் இயக்குநருமான ஸ்தானிஸ்லாவ்ஸ்கி நாற்பது வருஷம் உழைத்துக் கண்டது வேறு: நடிகன் செய்யவேண்டியது செயல். உணர்ச்சி அதன் பின்னால் தானாக வரும், வராமலும் போகும், அதை விரட்டிப் பிடிக்க முடியாது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரே விஷயத்தைப் பற்றியதுதான். படிகளை மேலே சொன்ன காட்சியை வைத்தே சொல்கிறேன்.

இது எங்கிருந்து வந்தது

பண்ணையடிமையாகப் பிறந்த மிகயீல் ஷெப்கின் என்ற நடிகரிடமிருந்து தொடங்கவேண்டும். 1788-ல் பிறந்தவர், முப்பது வயது தாண்டிய பிறகுதான் அடிமைத்தளையிலிருந்து விடுதலை வாங்க முடிந்தது. மாஸ்கோவின் மாலி அரங்கில் அவர் நடித்த காலத்தில் நடிப்பு என்றால் மேடையின் முன்விளிம்புக்கு வந்து, கையை உயர்த்தி, ராகம் போட்டு ஒப்பிப்பதுதான். ஷெப்கின் பேசுவதுபோல் பேசினார். மாதிரியை வாழ்க்கையிலிருந்து எடுங்கள் என்று இளைய நடிகர்களுக்குச் சொன்னார். கோகோல், அப்புறம் அஸ்திரோவ்ஸ்கி என்று நாடக ஆசிரியர்களும் அந்தப் பேச்சுக்கு ஏற்ற வசனத்தை எழுதிக் கொடுத்தார்கள்.

ஷெப்கின் இறந்த 1863-ல்தான் கான்ஸ்தந்தீன் அலெக்ஸேயெவ் பிறந்தார். மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி. குடும்பத் தொழில் தங்க, வெள்ளி இழை தயாரிப்பது. நாம் ஜரிகை என்கிறோமே, அது. 1897 கோடையில் ஒருநாள் அவரும் நாடக ஆசிரியர் நெமிரோவிச் தான்சென்கோவும் மாஸ்கோவின் 'ஸ்லாவ்யான்ஸ்கி பஜார்' உணவகத்தில் மதியம் பேச உட்கார்ந்து, மறுநாள் காலை ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் கிராமத்து வீட்டில்தான் பேச்சை முடித்தார்கள். பதினெட்டு மணி நேரம். சின்ன வேஷம் என்று ஒன்று இல்லை, சின்ன நடிகன்தான் உண்டு என்ற விதி அந்த உட்காரலில் பிறந்ததுதான். 1898 அக்டோபரில் மாஸ்கோ கலை அரங்கம் திறந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் பீட்டர்ஸ்பர்க்கில் படுதோல்வி அடைந்த செகாவின் 'கடற்பறவை'யை அதே டிசம்பரில் மேடையேற்றினார்கள். முதல் அங்கம் முடிந்து திரை விழுந்ததும் அரங்கத்தில் சத்தமே இல்லை. தோற்றுவிட்டோம் என்று நடிகர்கள் உறைந்து நின்ற பிறகுதான் கைதட்டல் எழுந்தது. அந்தப் பறவை இன்றும் அந்த அரங்கத்தின் சின்னம்.

ஆரம்பத்தில் அவர்கள் யதார்த்தத்தை வெளியில் தேடினார்கள். கார்க்கியின் 'ஆழத்தில்' நாடகத்துக்காக 1902-ல் கீத்ரோவ் சந்தையின் வறியோர் விடுதிகளுக்கே நடிகர்களை அழைத்துப் போனார்கள். சில்வண்டு, தவளை, நாய்க்குரைப்பு என்று ஒலிகளை மேடையில் கொட்டினார்கள். செகாவுக்கு இதில் எரிச்சல். 1904 ஜனவரியில் அரங்கேறிய 'செர்ரிப் பழத் தோட்ட'த்தை அவர் நகைச்சுவை நாடகம் என்றே எழுதியிருந்தார்; ஸ்தானிஸ்லாவ்ஸ்கி அதைச் சோகமாகப் படித்தார். பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாத கடைசி அங்கம் நாற்பது நிமிஷம் ஓடுகிறது என்று செகாவ் கடிதத்தில் புலம்பினார். அந்த வருஷமே இறந்தும் போனார்.

1906-ல் பின்லாந்தில் ஓய்வெடுத்தபோது ஸ்தானிஸ்லாவ்ஸ்கிக்கு ஒரு உண்மை உறைத்தது. தான் பெயர் வாங்கிய வேஷங்களிலெல்லாம் உயிர் போய், அங்க அசைவுகள் மட்டும் மிஞ்சியிருந்தன. நல்ல நாளில் தானாக வந்த ஒன்றை எல்லா நாளும் வரவழைக்க வழி உண்டா? அவருடைய 'முறை' முழுதும் இந்தக் கேள்விக்குப் பதில்தான். இனி படிகள்.

படி 1: உங்கள் வசனத்தை மனப்பாடம் செய்யாதீர்கள்

முதல் வாரம் முழு நாடகத்தையும் படியுங்கள். உங்கள் வேஷம் வராத பக்கங்களைக் கூடுதல் கவனத்தோடு படியுங்கள். பேனாவும் நோட்டும் எடுத்து, உண்மைத் தகவல்களை மட்டும் எழுதுங்கள். அபிப்பிராயம் வேண்டாம். 'வார்யா பாவப்பட்டவள்' என்பது அபிப்பிராயம். 'வார்யா வளர்ப்பு மகள். வீட்டுச் சாவிக்கொத்து இவள் இடுப்பில் இருந்தது. தோட்டத்தைத் தான்தான் வாங்கினேன் என்று லோபாகின் சொன்னதும் அதைத் தரையில் எறிந்தாள்' என்பது தகவல். ஸ்தானிஸ்லாவ்ஸ்கி இவற்றைத் 'தரப்பட்ட சூழ்நிலைகள்' என்றார். புஷ்கினின் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொண்ட சொல்.

இப்படி எழுதும்போதுதான் முத்துக்கள் அகப்படும். லோபாகினின் அப்பாவும் தாத்தாவும் இதே பண்ணையில் அடிமைகள். இந்த வீட்டுச் சமையலறைக்குள்கூட அவர்களை விட்டதில்லை. இவர்கள் கல்யாணத்தைப் பற்றி ஊரே இரண்டு வருஷமாகப் பேசுகிறது, அவன் மட்டும் வாயே திறக்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. விடைபெறும்போது குடிக்க வாங்கிவைத்த ஷாம்பெயினை வேலைக்காரன் யாஷா ஏற்கெனவே குடித்துத் தீர்த்துவிட்டான். அந்த 'மூன்று டிகிரி' இருக்கிறதே, முதல் அங்கத்திலும் அதே மூன்று டிகிரி உறைபனிதான். அப்போது மே மாதம், செர்ரி மரங்களெல்லாம் பூத்திருந்தன. இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அந்த வானிலைப் பேச்சை என்னால் சாதாரணமாகக் கேட்க முடிந்ததில்லை.

படி 2: 'ஒருவேளை' என்ற ஒரு சொல்

நான்தான் வார்யா என்று நம்ப முயலாதீர்கள். யாராலும் முடியாது, முயன்றால் உடம்பு இறுகும். 'ஒருவேளை நான் இந்த இடத்தில், இந்த நேரத்தில், இப்படி இருந்தால் என்ன செய்வேன்?' என்று கேளுங்கள். கேள்வியின் கடைசிச் சொல் 'செய்வேன்' என்று இருப்பதைக் கவனியுங்கள். 'என்ன உணர்வேன்' என்று கேட்டால் கண்ணீர் தேடப் போய்விடுவீர்கள்.

ஒருவர் வந்து பேசப்போகிறார், அவர் பேசுவாரா மாட்டாரா தெரியாது, வெளியே எல்லோரும் காது வைத்திருக்கிறார்கள் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பெண் பார்க்கும் நாளில் நம் வீடுகளில் காபி டம்ளரைத் திரும்பத் திரும்ப அடுக்கி வைக்கும் கையை நினைத்துப் பாருங்கள். வார்யாவின் மூட்டையும் அதே வேலையைத்தான் செய்கிறது.

படி 3: காட்சியைத் துண்டு போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு

நோக்கம் மாறுகிற இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். இந்தக் காட்சியில் நான் நான்கு துண்டுகள் பார்க்கிறேன்: தேடல், போகும் ஊர்களைப் பற்றிய பேச்சு, வானிலை, வெளியிலிருந்து வரும் அழைப்பு. வேறொருவர் மூன்றோ ஐந்தோ பார்க்கலாம், தப்பில்லை.

ஒவ்வொரு துண்டிலும் பாத்திரத்துக்கு என்ன வேண்டும்? இதற்கு ஸ்தானிஸ்லாவ்ஸ்கி பயன்படுத்திய சொல் 'ஸதாச்சா'. பள்ளிக்கூடத்தில் ரஷ்யப் பிள்ளைகள் போடும் கணக்குக்கும் அதே சொல்தான். கணக்கு என்றால் தீர்க்கவேண்டியது, எதிரில் ஒரு தடை இருப்பது. எனக்கு இந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் கணக்குப் போடுகிறவன் தன் முகம் எப்படி இருக்கிறது என்று யோசிப்பதில்லை.

கணக்கை வினைச்சொல்லாக எழுதுங்கள், எதிரில் இருப்பவர் மேல் செய்கிற வினையாக எழுதுங்கள். 'சோகமாக இருத்தல்' கூடாது. முதல் துண்டில் வார்யாவுக்கு: 'அவன் பேச ஆரம்பிக்க இடம் கொடுப்பது.' லோபாகினுக்கு: 'கேட்டுவிடத் தைரியம் வரும்வரை நேரத்தை இழுப்பது.' இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவள் இடம் கொடுக்கிறாள், அவன் நேரத்தை இழுக்கிறான். காட்சி தானாக நகர ஆரம்பித்துவிடும்.

படி 4: கைக்கு நிஜமான வேலை கொடுங்கள்

இங்கேதான் நீங்கள் அதிக நாள் செலவழிக்கவேண்டும். ஸ்தானிஸ்லாவ்ஸ்கியும் 1938-ல் இறக்கும்வரை தன் கடைசி வருஷங்களை இதற்குத்தான் கொடுத்தார். உடல்நிலை கெட்டு வீட்டோடு இருந்தபோதும், லியோன்தியேவ் சந்திலிருந்த வீட்டுக்கு நடிகர்களை வரவழைத்து மோலியேரின் 'தார்த்யூஃப்' ஒத்திகை பார்த்தார். வசனத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த இடத்தில் உடம்பால் என்ன செய்கிறாய், அதைச் செய் என்றார். செயல்களின் வரிசை சரியாக அமைந்தால் உணர்ச்சி அந்தத் தண்டவாளத்தில் ஓடிவரும் என்பது அவர் முடிவு.

எங்கள் பயிற்சியில் நடந்ததைச் சொல்கிறேன். வார்யாவாக நடித்த பெண் நன்றாக நடிக்கக்கூடியவள். உள்ளே நுழையும்போதே கண் கலங்கியிருக்கும். மூட்டையைத் தொடுவாள், ஆனால் தேடமாட்டாள். விரல்கள் துணிமேல் மிதக்கும். பார்க்க அழகாக இருந்தது, ஒருவரும் நம்பவில்லை. அடுத்த ஒத்திகைக்கு முன் நான் ஒரு சின்னத் தகர டப்பாவை அவளுக்குக் காட்டி, மூட்டைகளில் ஒன்றுக்குள் ஒளித்துவைத்தேன். எது என்று சொல்லவில்லை. "அதை எடு, அது போதும்" என்றேன்.

அன்றைக்கு விரல்கள் மிதக்கவில்லை. முடிச்சை அவிழ்த்தாள், உள்ளே கைவிட்டுத் துழாவினாள், ஒரு போர்வையை உதறினாள், தூசியில் தும்மினாள். லோபாகின் பேசியபோது பாதி காதில்தான் வாங்கினாள். "எங்கள் வெப்பமானியும் உடைந்துவிட்டது" என்ற வரியைப் பெட்டிக்குள் தலையை விட்டபடி சொன்னாள். பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் மூச்சு விட மறந்தோம்.

இதை நீங்களும் செய்து பாருங்கள். வசனம் இல்லாமல், செயல்களை மட்டும் வரிசையாக ஐந்து முறை ஓட்டுங்கள். பிறகு சொந்த வார்த்தைகளில் பேசி ஓட்டுங்கள். செகாவின் வசனத்தை அதற்குப் பின்பே கையிலெடுங்கள். ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் மாணவி மரியா க்நேபெல் பின்னாளில் வளர்த்தெடுத்த வழியும் இதுதான்: முதலில் எழுந்து நடித்துப் பார்த்து நாடகத்தைப் புரிந்துகொள்வது, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மாதக்கணக்கில் பேசுவது அல்ல.

படி 5: எதிரில் இருப்பவரைப் பாருங்கள்

பார்வையாளர்களை மறப்பது எப்படி என்று கேட்பார்கள். மறக்க முயன்றால் இன்னும் ஞாபகம் வரும். கவனத்தை வேறொன்றில் கட்டிப்போடத்தான் முடியும். ஸ்தானிஸ்லாவ்ஸ்கி இதை வட்டங்களாகப் பழக்கினார். முதலில் கையில் இருக்கும் பொருள் மட்டும், பிறகு மேஜையளவு, பிறகு அறையளவு. வட்டம் சிதறினால் சின்ன வட்டத்துக்குத் திரும்பிவிடலாம்.

அந்த வட்டத்தில் முதல் ஆள் உங்கள் சக நடிகர். அவர் இன்று எப்படிச் சொன்னார் என்று கேட்டுப் பதில் சொல்லுங்கள். நேற்றுச் சொன்ன மாதிரியே பதில் வந்தால் நீங்கள் கேட்கவில்லை என்று அர்த்தம்.

படி 6: இறுக்கத்தைத் தளர்த்துங்கள்

பியானோவின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தபடி 37-ஐ 9-ஆல் பெருக்கச் சொல்வார் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் பாடநூலில் வரும் ஆசிரியர். மாணவனால் முடியாது. தசை இறுகினால் மனம் வேலை செய்யாது, அவ்வளவுதான். ஒத்திகைக்கு முன் பத்து நிமிஷம் தரையில் படுத்து, எந்தத் தசை தேவையில்லாமல் இறுகியிருக்கிறது என்று தேடிப் பிடித்து விடுங்கள். நம்மில் பலருக்கு அது தோளும் தாடையும்.

படி 7: மௌனத்தில் என்ன பேசுகிறீர்கள்

செகாவ் 'மௌனம்' என்று எழுதிய இடங்கள் ஓய்வுக்கு விட்டவை அல்ல. வசனத்துக்கு அடியில் ஓடும் பேச்சு அங்கே மேலே வருகிறது. நெமிரோவிச் தான்சென்கோ இந்த உள்பேச்சை நடிகர்களிடம் விடாப்பிடியாகக் கேட்டவர்.

நோட்டில் இடதுபக்கம் வசனம், வலதுபக்கம் உள்பேச்சு என்று எழுதுங்கள். "நான் பார்க்கவில்லை" என்பதற்கு எதிரே, 'குளிரைப் பற்றியா பேசுகிறாய்? இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கிறது?' என்று எழுதலாம். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் பேசி ஒத்திகை பாருங்கள். பிறகு விழுங்கிவிடுங்கள். முகத்தால் அதை விளக்கப் பார்க்காதீர்கள். உள்ளே பேச்சு ஓடினால் கண்ணில் தெரியும்.

படி 8: சொந்த நினைவைத் தொடும் முன்

பிரெஞ்சு உளவியலாளர் ரிபோவின் எழுத்திலிருந்து ஸ்தானிஸ்லாவ்ஸ்கி உணர்ச்சி நினைவு என்ற கருத்தை எடுத்துக்கொண்டார். 1912-ல் மாஸ்கோ கலை அரங்கம் தொடங்கிய 'முதல் ஸ்டுடியோ' என்ற பயிற்சிக்கூடத்தில் நடிகர்கள் தங்கள் பழைய துக்கங்களை நினைவுகூர்ந்து பழகினார்கள். பின்னாளில் அவர் இதிலிருந்து விலகி வந்தார். நடிகர்களுக்குப் படபடப்பு வந்தது, துக்கம் மேடைக்கு உதவுவதற்குப் பதில் நடிகனைத் தனக்குள்ளேயே இழுத்துக்கொண்டது.

என் ஆலோசனை நேரடியானது. புதிதாகப் பழகுகிறவர்கள் சமீபத்திய மரணத்தையும் ஆறாத காயத்தையும் ஒத்திகைக்குக் கொண்டுவராதீர்கள். இயக்குநர் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. புலன் நினைவு வரை போங்கள்: அக்டோபர் குளிரில் பூட்டிக் கிடந்த அறையின் வாசனை, சணல் கயிறு விரலை அறுக்கும் உணர்வு. இந்தக் காட்சிக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை.

படி 9: எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்துவிடுங்கள்

நாடகம் முழுக்க வார்யா என்ன செய்கிறாள்? சில்லறையை எண்ணுகிறாள், வேலைக்காரர்களைக் கடிந்துகொள்கிறாள், சாவியைச் சுமக்கிறாள். சிதறும் வீட்டைக் கட்டிக் காப்பதுதான் அவளுடைய தொடர்செயல். எல்லோருடைய தொடர்செயல்களும் சேர்ந்து எதை நோக்கிப் போகின்றனவோ, அதை நாடகத்தின் தலையாய நோக்கம் என்றார் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி. இதை முதல் நாளே முடிவு செய்யாதீர்கள், கடைசி வாரத்தில்தான் தெளியும். தெளிந்தபின் ஒவ்வொரு துண்டையும் அதோடு பொருத்திப் பாருங்கள். பொருந்தாத அழகான அசைவுகளை வெட்டிவிடுங்கள்.

கடல் தாண்டியபோது

மாஸ்கோ கலை அரங்கம் 1923, 1924-ல் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தது. முதல் ஸ்டுடியோவில் பயின்ற ரிச்சர்ட் போலெஸ்லாவ்ஸ்கியும் மரியா உஸ்பென்ஸ்கயாவும் நியூயார்க்கில் கற்றுக்கொடுக்க, லீ ஸ்திராஸ்பெர்க்கும் ஸ்டெல்லா ஆட்லரும் அங்கே மாணவர்கள். அவர்கள் கொண்டுபோனது 1912-ஐ ஒட்டிய பாடம், உணர்ச்சி நினைவு மையமாக இருந்த பாடம். 1931-ல் உருவான குரூப் தியேட்டர் என்ற நாடகக் குழு அதைப் பிடித்துக்கொண்டது. 1934-ல் ஆட்லர் பாரிஸில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியையே நேரில் சந்தித்துச் சில வாரங்கள் வேலை செய்தார். திரும்பி வந்து, அவர் இப்போது சூழ்நிலையையும் செயலையும்தான் சொல்கிறார் என்றார். ஸ்திராஸ்பெர்க் ஏற்கவில்லை. அங்கே பாதை பிரிந்தது.

ஸ்திராஸ்பெர்க்கின் பாதைதான் 'மெத்தட் ஆக்டிங்' ஆனது. இன்று அந்தப் பெயரில் எடை குறைப்பதும், படப்பிடிப்பு முடிந்தும் வேஷத்திலேயே இருப்பதும் பத்திரிகைச் செய்தியாகின்றன. ஸ்தானிஸ்லாவ்ஸ்கி அப்படி எதுவும் கேட்கவில்லை. ஹாலிவுட் நடிகர் மார்லன் பிராண்டோ தன் குருவாகச் சொன்னது ஆட்லரைத்தான். குரூப் தியேட்டரில் இருந்த சான்ஃபோர்ட் மைஸ்னர் எதிராளியைக் கேட்பதையே முழுப் பயிற்சியாக்கினார்; நம் ஐந்தாம் படியின் பேரன் அது. மாஸ்கோவிலேயே மாற்றுப் பாதை பிறந்தது. 'கடற்பறவை'யில் த்ரெப்லெவாக நடித்த மெயர்ஹோல்ட் யதார்த்தத்தை உதறிவிட்டு உடலசைவின் கணிதத்துக்குப் போனார். 1938-ல் அவருடைய அரங்கத்தை அரசு மூடியபோது கைகொடுத்துத் தன் ஓபரா அரங்கில் வேலை கொடுத்தவர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கிதான். அவர் போன பிறகு மெயர்ஹோல்டைக் காப்பாற்ற ஆளில்லை, 1940-ல் சுட்டுக்கொன்றார்கள்.

கேமரா முன் நடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குளோசப்பில் முகத்துக்கு வேலை கொடுக்காதீர்கள். கைக்குக் கொடுங்கள், கை ஃபிரேமில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

காட்சி சாயம் போனால்

பத்தாவது முறை ஓட்டும்போது சாயம் போகும், எல்லோருக்கும் போகும். அப்போது உணர்ச்சியை ஏற்றாதீர்கள், படி 1-க்குத் திரும்பி ஒரு சூழ்நிலையை மாற்றுங்கள். ரயிலுக்கு இன்னும் ஐந்தே நிமிஷம் என்று வையுங்கள். கதவுக்குப் பின்னால் நிஜமாகவே நாலு பேரைச் சிரிக்க விடுங்கள். கடிகாரம் வைத்து ஓட்டுங்கள்; மூன்று நிமிஷத்தைத் தாண்டினால் எங்கோ நீங்கள் சோகத்தை ரசித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அங்கே செகாவின் அந்தப் பன்னிரண்டு நிமிஷக் கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

வார்யாவாக நடித்த எங்கள் பெண்ணுக்கு அந்தத் தகர டப்பா மூன்று ஒத்திகையிலும் தேடும்போது கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் லோபாகின் ஓடிப்போனதும் தரையில் உட்கார்ந்தாள், பக்கத்திலிருந்த மூட்டையை இழுத்துக் கன்னத்தை வைத்தாள். துணிக்குள்ளிருந்து டப்பா கன்னத்தில் குத்தியது. சட்டென்று தலையைத் தூக்கி முடிச்சை அவிழ்த்து, அதை வெளியே எடுத்துப் பார்த்தாள். பிறகு திரும்ப உள்ளே வைத்து, மெதுவாக முடிச்சுப் போட்டாள்.